மாடு மேயும் படத்தில் மறைந்திருக்கும் கதை



சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்துக் குழந்தைகளின் ஓவியப் போட்டியை மேற்பார்வை செய்யும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். நான் ஓவியன் அல்லன். சிவில் பொறியியலில் பட்டயம் பெற்று, ரயில் பாதைப் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்து, ஓய்வு பெற்று இப்போது கொல்கத்தாவில் வசிப்பவன். வண்ணத்தைவிட அளவுகோலோடுதான் எனக்குப் பழக்கம் அதிகம்.

போட்டி தொடங்குமுன் குழந்தைகளிடம் இரண்டு படங்களைக் காட்டினேன். முதலாவது, நாள்காட்டியில் வந்த படம். ஒரு சிறுவன், கையில் குழல், அருகே இரண்டு பசுக்கள். நான் வாயைத் திறக்குமுன்பே, "கிருஷ்ணர்!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள்.

இரண்டாவது, கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய ஐரோப்பியப் படத்தின் நகல். மரங்கள், மாடுகள், தொலைவில் மங்கிய நிலவெளி. இரண்டு ஆட்கள். ஒருவன் குழல் ஊதுகிறான், மற்றவன் கேட்கிறான். "இதில் என்ன நடக்கிறது?" என்றேன். "மாடு மேய்க்கிறாங்க தாத்தா" என்றான் ஒருவன். "பிக்னிக்" என்றாள் ஒரு சிறுமி.

உண்மையில் அந்தப் படத்தில், இன்னும் சற்று நேரத்தில் ஒரு கொலை நடக்கப்போகிறது. அங்கே நிற்கும் மாடுகளுள் ஒன்று மாடே அல்ல. அது ஒரு பெண்.

குழந்தைகளைக் குறை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அதே படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது நானும் மாடுகளைத்தான் பார்த்தேன். அது எப்படி மாறியது என்பதைச் சொல்லவும், இவ்வகைப் படங்களைப் பார்க்கும் முறையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யவுமே இக்கட்டுரை.

ஊர்ப் பெயரால் அறியப்பட்டவர்

இரண்டாவது படத்தை ஆக்கியவர் கிளோட் ஜெலே. 1600ஆம் ஆண்டை ஒட்டி, லொரேன் என்ற சிறு நாட்டில், ஷமாஞ் என்னும் கிராமத்தில் பிறந்தவர். லொரேன் இன்று பிரான்சின் ஒரு பகுதி. இளம் வயதிலேயே பிழைப்புத் தேடி ரோமாபுரிக்குப் போனார். முதலில் தின்பண்டம் செய்யும் தொழில் பழகினார் என்று அவருடைய நண்பரும் ஓவியருமான ஸாண்ட்ரார்ட் எழுதி வைத்திருக்கிறார். பிறகு அகஸ்தினோ தாஸி என்ற ஓவியரிடம் தொழில் கற்றார். இடையில் சிறிது காலம் சொந்த நாட்டுக்குப் போய் வந்ததைத் தவிர, 1682இல் இறக்கும்வரை ரோமாபுரியிலேயே வாழ்ந்தார்.

ஆனால் அங்கே அவரை யாரும் ரோமாபுரிக்காரர் என்று சொல்லவில்லை. 'லொரேன்காரர்' என்றே அழைத்தார்கள். இன்றும் கலை வரலாற்றில் அவர் பெயர் கிளோட் லொரேன்தான். வட இந்தியாவில் முப்பது ஆண்டு வாழ்ந்த பின்னும் 'மதராஸி' என்று கூப்பிடப்படும் நமக்கு இது புரியாததா என்ன?

நிலக்காட்சிகளை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து புகழ்பெற்றவர் அவர். போப்பாண்டவர் எட்டாம் அர்பனும் அவரிடம் படங்கள் வாங்கினார். இவற்றோடு நாற்பதுக்கு மேற்பட்ட செப்புத் தகட்டுச் சித்திரங்களையும் அவர் செய்திருக்கிறார். ஆங்கிலத்தில் இக்கலைக்கு 'எட்சிங்' என்று பெயர். அமில அரிப்புச் சித்திரம் என்று நாம் சொல்லலாம்.

செப்பும் மெழுகும் அமிலமும்

இந்தத் தொழில்முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு செப்புத் தகட்டை நன்கு மெருகேற்றி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்க வேண்டும். அதைச் சூடாக்கி, தேன்மெழுகும் பிசினும் கீலும் கலந்த பூச்சை மெல்லியதாகப் பரப்ப வேண்டும். மெழுகுவர்த்திப் புகையைக் காட்டி அந்தப் பூச்சைக் கறுப்பாக்குவார்கள். பிறகு கூரிய ஊசியால் அதன்மேல் வரைய வேண்டும். ஊசி செப்பைச் செதுக்குவதில்லை. மெழுகை மட்டும் விலக்குகிறது. விலகிய இடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும்.

அடுத்து, தகட்டை அமிலத்தில் இடுவார்கள். மெழுகு மூடிய இடத்தை அமிலம் தொடாது. கோடு கீறிய இடத்தில் மட்டும் செம்பை அரித்துப் பள்ளமாக்கும். எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு ஆழம். ஆழம் கூடினால் கோடு கறுப்பாக விழும்.

இங்கேதான் நுட்பம். தொலைவில் உள்ள மலைகள் மங்கலாகத் தெரிய வேண்டும் அல்லவா? சிறிது நேரத்தில் தகட்டை வெளியே எடுத்து, மலைக் கோடுகளை மட்டும் வார்னிஷால் அடைத்துவிட்டு, மறுபடியும் அமிலத்தில் இடுவார்கள். அருகில் உள்ள மரங்கள் மேலும் அரிபடும். லொரேன் நாட்டிலேயே பிறந்த ழாக் கல்லோ இம்முறையில் வல்லவராக இருந்தார். ஆபிரகாம் போஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1645இல் இத்தொழிலைப் பற்றி ஒரு கையேடே வெளியிட்டார். கிளோடின் படங்களில் நாம் காணும் காலை மூடுபனியும் மாலை வெளிச்சமும் அமிலத்தில் ஊறிய நேரத்தின் கணக்கு என்று நினைத்துப் பார்த்தால், என் போன்ற பொறியாளனுக்கு வியப்பாக இருக்கிறது.

கடைசியாக மெழுகை நீக்கி, பள்ளங்களில் மையைத் தேய்த்து நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளை அச்சில் அழுத்தி எடுக்க வேண்டும். தாளில் விழும் படம், தகட்டில் வரைந்ததற்கு இடவலம் மாறியிருக்கும். ஆகவே தகட்டில் கையெழுத்துப் போடுபவர், எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதியாக வேண்டும். இதை நினைவில் வையுங்கள். கட்டுரையின் முடிவில் தேவைப்படும்.

மாட்டுச் சந்தையான மாநகர மன்றம்

மாடு மேயும் நிலத்தில் தேவர்களைக் கொண்டுவந்து வைப்பானேன்?

ஒரு காரணம் தொழில் சார்ந்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் புராணமும் வரலாறும் சமயமும் சார்ந்த ஓவியமே உயர்ந்தது. வெறும் நிலக்காட்சி தாழ்ந்தது என்று கருதினார்கள். 1667இல் ஃபெலிபியன் என்பவர் இந்தத் தரவரிசையை எழுத்திலேயே வைத்தார். ஒரு மூலையில் புராணப் பாத்திரம் ஒன்றை நிறுத்தினால் படத்தின் மதிப்பு உயரும். கிளோட், தாம் நிலக்காட்சியைத்தான் விற்பதாகவும் அதில் உள்ள ஆட்களை இனாமாகக் கொடுப்பதாகவும் வேடிக்கையாகச் சொல்வாராம். பால்டினூச்சி என்ற வரலாற்றாசிரியர் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இன்னொரு காரணம் நிலத்திலேயே இருந்தது. சீசர் காலத்தில் உலகையே ஆண்ட ரோமாபுரியின் மன்றம், பிற்காலத்தில் மண் மூடி மேய்ச்சல் நிலமாயிற்று. அங்கே மாட்டுச் சந்தை கூடியது. மக்கள் அதை 'காம்போ வச்சீனோ', அதாவது மாட்டு வெளி, என்றே அழைத்தார்கள். பாதி புதைந்த கோயில் தூண்களுக்கு நடுவே மாடுகள் நிற்கும் காட்சியை 1636இல் கிளோட் தகட்டில் வரைந்திருக்கிறார். பழைய தேவர்களின் கோயிலும் இன்றைய மாடும் ஒரே வெளியில் நின்ற ஊர் அது. அங்கே வாழ்ந்தவருக்கு, மாடு மேய்ப்பவன் பக்கத்தில் ஒரு தேவன் வந்து அமர்வது பெரிய கற்பனையாகத் தோன்றியிருக்காது.

நமக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. நிலத்தையும் தெய்வத்தையும் சேர்த்தே பார்த்தது தொல்காப்பியம். காடும் மேய்ச்சலும் சார்ந்த முல்லைக்கு மாயோனை வைத்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் முல்லையில் தெய்வம் அந்த நிலத்துக்கே உரியது. கிளோடின் படத்திலோ தேவன் மாறுவேடத்தில் வருகிறான். ஒரு காரியத்துக்காக வருகிறான்.

பசுவான மகள்

ஐரோப்பிய ஓவியர்களுக்குப் புராணக் கதைகளின் சுரங்கமாக இருந்தது ஆவிட் என்ற இலத்தீன் கவிஞர் பதினைந்து காண்டங்களில் பாடிய 'உருமாற்றங்கள்'. கி.பி. 8ஐ ஒட்டி அது நிறைவுபெற்றது. அதே ஆண்டில் அகஸ்டஸ் பேரரசன் கவிஞரைக் கருங்கடல் கரைக்கு நாடு கடத்தினான். அவர் ஊர் திரும்பாமல் அங்கேயே இறந்தார்.

அந்நூலின் முதல் காண்டத்தில் வருகிறது அயோவின் கதை.

அயோ, இனாக்கஸ் என்னும் நதித் தேவனின் மகள். தேவர்களின் அரசனான ஜூபிடர் அவளிடம் முறைதவறி நடந்துகொள்கிறான். மனைவி ஜூனோ வருவதைக் கண்டதும், தன் குற்றத்தை மறைக்க அந்தப் பெண்ணை வெண்பசுவாக மாற்றிவிடுகிறான். ஜூனோ ஏமாறவில்லை. அந்தப் பசுவைப் பரிசாகக் கேட்டு வாங்கி, ஆர்கஸ் என்னும் நூறு கண்ணனைக் காவலுக்கு வைக்கிறாள். அவனுடைய கண்களில் இரண்டிரண்டாக முறை வைத்துத் தூங்கும்; மற்றவை விழித்திருக்கும். அவன் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அயோ அவன் பார்வையில்தான் இருப்பாள்.

மகளைக் காணாமல் தந்தை தேடி அலைகிறான். ஒருநாள் ஆற்றங்கரையில் அவனருகே ஒரு பசு வருகிறது. அவன் புல் கொடுக்கிறான். பசு அவன் கையை நக்குகிறது, கண்ணீர் விடுகிறது. அவனுக்குப் புரியவில்லை. பேச வாயெடுத்தால் 'அம்மா' என்று கதறல்தான் வருகிறது. கடைசியில் அவள் தன் குளம்பால் புழுதியில் எழுதிக் காட்டுகிறாள். அவள் பெயர் இலத்தீனில் இரண்டே எழுத்து: ஒரு கோடு, ஒரு வட்டம். குளம்பாலும் எழுதக்கூடிய பெயர். தந்தை படித்துவிட்டு, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். ஆனால் ஆர்கஸ் வந்து அவளை வேறு மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

மனம் பொறுக்காத ஜூபிடர் தன் மகன் மெர்க்குரியை அனுப்புகிறான். அவன் ஆட்டிடையன் வேடத்தில் குழல் ஊதிக்கொண்டு வருகிறான். தனியாகக் காவல் இருந்து சலித்துப்போன ஆர்கஸே, "வா, இந்த நிழலில் உட்கார்" என்று அழைக்கிறான். குழல் பிறந்த கதையை மெர்க்குரி சொல்லி முடிக்குமுன் நூறு கண்களும் மூடிக்கொள்கின்றன. மெர்க்குரி வாளை எடுத்து அவன் தலையைத் துண்டிக்கிறான். அந்தக் கண்களை எடுத்து ஜூனோ தன் மயிலின் தோகையில் பதித்தாளாம். அயோ நாடு நாடாக ஓடி, நைல் நதிக்கரையில் மீண்டும் பெண்ணுருப் பெறுகிறாள்.

அதே குழல், வேறு படம்

கிளோட் இக்கதையைத் தகட்டில் வரைந்தது 1662இல். அப்போது அவருக்கு அறுபது வயதை ஒட்டியிருக்கும். வாளையோ வெட்டுண்ட தலையையோ அவர் காட்டவில்லை. குழல் ஒலித்துக்கொண்டிருக்கும் அந்த அமைதியான நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டார். கதை தெரியாதவனுக்கு இது பிக்னிக். தெரிந்தவனுக்கோ நெஞ்சு படபடக்கும்.

இதன் பக்கத்தில் அவருடைய 1636ஆம் ஆண்டுத் தகடு ஒன்றை வைத்துப் பாருங்கள். 'மாட்டுக்காரன்' என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ 13க்கு 20 சென்டிமீட்டர்தான். இரண்டு அஞ்சலட்டை அளவு. மரத்தடியில் ஒருவன் குழல் ஊதுகிறான். மாடுகள் தண்ணீரில் இறங்கி நடக்கின்றன. இலைகளின் ஊடே வெளிச்சம். இதில் புராணம் எதுவும் இல்லை. ஹேமர்ட்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் எட்சிங் கலை பற்றி 1868இல் வெளியிட்ட நூலில் இந்தச் சிறு படத்தை வெகுவாகப் புகழ்ந்திருக்கிறார்.

இரண்டு தகட்டிலும் மரம், மாடு, குழல், மென்மையான ஒளி. ஒன்றில் மனம் ஓய்கிறது. மற்றொன்றில் ஓய முடியவில்லை. வேறுபாடு கோட்டில் இல்லை. பார்ப்பவர் மனத்தில் கொண்டுவரும் கதையில்தான் இருக்கிறது.

1634இல் அவர் செய்த யூரோப்பா படமும் இவ்வாறே. கடற்கரை, கப்பல்கள், மாடுகள், விளையாடும் பெண்கள். ஓர் இளவரசி காளையின் முதுகில் அமர்ந்திருக்கிறாள். அந்தக் காளை ஜூபிடர் என்பதும், அவளைக் கடல் கடந்து கிரீட் தீவுக்குக் கொண்டுபோகப் போகிறான் என்பதும் ஆவிட்டைப் படித்தவருக்கே தெரியும். பெற்றோரும் ஊரும் அறியாமல் ஒரு பெண் கரையைவிட்டு நீங்கும் நேரம் அது. படத்தில் கதறல் எதுவும் இல்லை.

என் மகளின் தகடு

இனி என் கதை.

2006இல் என் மகள் பிளஸ் டூ முடித்தாள். அப்போது நாங்கள் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். கணக்கில் நல்ல மதிப்பெண். பொறியியல் கல்லூரி விண்ணப்பங்களை நானே வாங்கி, நானே பூர்த்தி செய்தேன். அவளோ சாந்திநிகேதனில் கலாபவனத்தில் சேர்ந்து அச்சுக்கலை படிக்க வேண்டும் என்றாள். "தகட்டை அரிக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டேன். அவள் அம்மா நடுவில் நின்று சமாதானம் செய்ததால் போய்ச் சேர்ந்தாள். பணம் தவறாமல் அனுப்பினேன். தினமும் போன் செய்து எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று விசாரித்தேன். என்ன வரைந்தாய் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒருமுறை நேரில் போனேன். அவள் வேலை செய்யும் அச்சுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். உள்ளே நுழைந்ததும் அமில வாடை அடித்தது. எனக்கு அது பழகிய வாடை! ரயில்வேயில் தண்டவாளப் பற்றவைப்பைச் சோதிக்கும்போது, குறுக்கே வெட்டிய துண்டை மெருகேற்றி அமிலத்தில் நனைப்பார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத பற்றவைப்பு எல்லையும் உள்ளே இருக்கும் குறையும் மேலே தெரிய வரும். என்னையறியாமல், "எத்தனை நிமிஷம் ஊறணும்?" என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். "தூரத்து மரத்துக்கு மூணு நிமிஷம், பக்கத்து மரத்துக்கு இருபது நிமிஷம்ப்பா" என்றாள். அவள் வேலையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

பிறகு தான் அச்சிட்ட ஒரு படத்தைக் காட்டினாள். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த புல்வெளி. குளம், மாடுகள், தொலைவில் ஒரு சிக்னல் கம்பம். மரத்தடியில் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு நீளமான கோல்.

"இது டிராக் கேஜ் மாதிரி இருக்கே. மாடு மேய்க்கிறவன் கையில் இதை ஏம்மா வச்சே?"

"அவர் மாடு மேய்க்கிறவர் இல்லப்பா, ஆர்கஸ்" என்றாள்.

ஆர்கஸ் யாரென்று எனக்குத் தெரியாது. கிளோடின் படத்தை ஒரு புத்தகத்தில் காட்டி, அயோவின் கதையை முழுவதுமாகச் சொன்னாள். நல்ல கதை என்று பாராட்டிவிட்டு வந்தேன். போல்பூரிலிருந்து ஹவுரா வரும்வரை ஒன்றும் உறைக்கவில்லை. கரக்பூர் வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் அந்தத் தொப்பியும் டிராக் கேஜும் யாருடையவை என்று புரிந்தது. நூறு கண்ணால் காவல் காத்திருக்கிறேன். பார்க்கவில்லை.

அன்று இரவே போன் செய்தேன். "அந்தப் படத்தில் பசு எது?" என்று கேட்டேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஓரத்தில் பாருங்கப்பா" என்றாள். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது ஒரு பிரதி கொண்டுவந்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீழ் ஓரத்தில், ஒரு பசுவின் காலடியில், புல்லோடு புல்லாக அவள் பெயர் எழுதியிருந்தது. தமிழில்! நம் சங்கத்துப் போன்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஐந்தாம் வகுப்புவரை படித்த தமிழ்தான் அவளுக்கு. பெயர் தாளில் நேராக விழ வேண்டுமென்று தகட்டில் திருப்பி எழுதியிருக்கிறாள். ஓர் எழுத்தில் மட்டும் சுழி சற்றுப் பிசகியிருந்தது. அதை நான் சுட்டிக்காட்டவில்லை.

அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அவள் இப்போது ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை.

பார்க்கும் முறை

இவ்வகைப் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டும்போது கீழ்க்கண்டவாறு கேட்டுப் பழக்கலாம்.

1. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? எந்த இடம் மங்கல், எந்த இடம் கறுப்பு? அமிலத்தில் எது குறைந்த நேரம் ஊறியிருக்கும்?

2. மிகச் சிறிய உருவம் எது? அது என்ன செய்கிறது? கையில் என்ன இருக்கிறது?

3. இதற்குச் சற்று முன்பு என்ன நடந்திருக்கும்? அடுத்து என்ன நடக்கும்?

மூன்றாவது கேள்விக்குப் படம் மட்டும் பதில் சொல்லாது. வீட்டில் யாராவது கதை சொல்லியிருக்க வேண்டும். நாள்காட்டிப் படத்தைப் பார்த்து நம் குழந்தைகள் 'கிருஷ்ணர்' என்று கத்தியதற்கு, ஏதோ ஒரு பாட்டி ஏதோ ஓர் இரவில் சொன்ன கதைதான் காரணம். அந்தக் கதை நின்றுபோனால் அதுவும் நாளைக்கு 'மாடு மேய்க்கும் பையன்' ஆகிவிடும். வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நாம் இதை மறக்கக் கூடாது.

கதை சொல்வது ஒரு பாதி. பிள்ளைகள் திருப்பிச் சொல்வதைக் கேட்பது மறுபாதி. அவர்கள் எப்போதும் வாயால் சொல்வதில்லை. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்திலோ சுவரிலோ கிறுக்கி வைத்திருப்பார்கள். இனாக்கஸ் குனிந்து புழுதியைப் பார்த்ததால்தான் மகளை அறிந்தான். இன்று மாலை உங்கள் பிள்ளை வரைந்த ஏதேனும் ஒரு படத்தைக் கையில் எடுத்து, "இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் எதுவாக இருந்தாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.